எட்டாவது இடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்பந்துப் போட்டியில் என் கல்லூரி ஜெயித்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த ஆட்டமே நடக்காமல் போயிருக்கும்... காரணம், நான்!

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் குளிர்காலத்தில், நம்மூர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் துபாயில் கால்பந்து ஆடுவார்கள். அல் கூஸில், கிடங்குகளுக்கு நடுவே ஒரு செயற்கைப் புல் மைதானம். அணிக்கு ஏழு பேர். இந்த வருஷம் எட்டு அணிகள்.

போட்டியை நடத்துபவர் பஷீர் பாய். கார்கோ கம்பெனி வைத்திருக்கிறார். ஆரம்பிப்பதற்கு முன்னால், அணிகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை ரேங்க் போட மூன்று பேரைக் கூப்பிட்டார். அதில் அடியேனும் ஒருவன். கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று பாய்க்கு ஒரு நம்பிக்கை!

இரண்டு டீ குடிப்பதற்குள் வேலை முடிந்தது. சென்னை இன்ஜினியரிங் கல்லூரிக்கு முதலிடம். பெரிய பெயர் அல்லவா? நான் படித்த திருச்சிக் கல்லூரிக்கு நாலாவது. கன்னியாகுமரி கடற்கரைப் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்று புதிதாக வந்திருந்தது. "யாருப்பா இவங்க?" என்றார் ஒருவர். யாருக்கும் தெரியவில்லை. எட்டு.

அதோடு விட்டோமா? முதல் நான்கு அணிகள் லீக் ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதாதபடி அட்டவணை போட்டோம். பெரிய அணிகள் சீக்கிரம் வெளியேறினால் கூட்டம் வராதே! ஆளுக்கு மூன்று ஆட்டம். அதிகப் புள்ளி எடுக்கும் நான்கு அணிகள் அரையிறுதிக்கு. புள்ளி சமமானால்? ரேங்க்கில் முன்னால் இருப்பவர் உள்ளே.

பாலிடெக்னிக் பையன்களுக்கு யார் யாரோடு ஆட்டம் தெரியுமா? ஒன்று, இரண்டு, மூன்று!

முதலிடத்தோடு டிரா செய்தார்கள். இரண்டாம் இடத்திடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். மூன்றாம் இடத்தை ஜெயித்தார்கள். நான்கு புள்ளி.

என் கல்லூரி? ஏழாம் இடத்தை ஜெயித்து, ஆறாம் இடத்தோடு டிரா செய்து, ஐந்தாம் இடத்திடம் தோற்றது. அதற்கும் நான்கு புள்ளி. அரையிறுதிக்குப் போனது... என் கல்லூரி.

பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் பாலிடெக்னிக் கேப்டன் ஜெரால்டு வந்தார். ஏ.சி. டெக்னீஷியன். முந்தின இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து ஆடியவர். கண் சிவந்திருந்தது.

"சார், எங்களுக்கும் நாலு புள்ளி இருக்கே?"

"ரேங்க்ல அவங்க முன்னாடி இருக்காங்க தம்பி."

"அந்த ரேங்க யாரு போட்டா?"

"நாங்கதான். மூணு பேர்."

"அதுக்கு முன்ன எங்க ஆட்டத்த எங்க வச்சுப் பாத்தீங்க சார்?"

கோபமே இல்லாமல் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவரே தொடர்ந்தார்.

"நாங்க சண்டைக்கு வரல்ல சார். எங்க கோல்கீப்பர் பிரிட்டோ இன்னும் ரெண்டு வாரத்துல விசா கேன்சல்ல ஊருக்குப் போறான். இனி வரமாட்டான். இன்னொரு ஆட்டம் கிடைக்கும்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். அதான் கேட்டேன்."

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் அந்தக் கேள்வி விடவில்லை. ஜெயித்தவனிடம் "எத்தனை ஜெயித்தாய்?" என்று கேட்கிறோம். "யாரை ஜெயித்தாய்?" என்று கேட்கிறோமா? பெயரைக் கேட்டே மார்க் போட்டுவிடுகிறோம். இந்த ஊருக்கு வந்த புதிதில், என் கல்லூரிப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு மேனேஜர் என் ஃபைலைத் திறக்காமலே மூடினார். அன்றைக்கு எப்படி வலித்தது! அதே வேலையை நான் டீ குடித்துக்கொண்டே செய்திருக்கிறேன்.

மறுநாள் பாயைக் கூப்பிட்டேன். இரண்டு அணிக்கும் ஒரு ஆட்டம் வைப்போம், ஜெயிப்பவர் அரையிறுதிக்குப் போகட்டும் என்றேன். "செந்தில் சரின்னா எனக்கும் சரி" என்றார். செந்தில் எங்கள் கேப்டன். என் கல்லூரி ஜூனியர். அவனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று ஆரம்பித்தான். "ரூல் போட்டதும் நீங்க, மாத்துறதும் நீங்களா?"

"தப்பு என்னோடதுதான்டா. அவங்க ஆடி ஒரு நிமிஷம்கூட நான் பார்த்ததில்ல. பார்க்காமலே எட்டுன்னு எழுதிட்டேன்."

கத்தப் போகிறான் என்றே நினைத்தேன்.

"எத்தனை மணிக்குண்ணே?" என்றான். "ஆடுறோம். ரேங்க்ல உள்ள வந்தவங்கன்னு நாளைக்கு ஒருத்தனும் எங்களைச் சொல்லக்கூடாது."

போன ஞாயிறு, நான்கு மணிக்கு ஆட்டம். என்ன ஆட்டம்! இடைவேளைக்குள் ஜெரால்டு இரண்டு கோல் போட்டார். எங்கள் பெனால்டி ஒன்றைப் பிரிட்டோ பாய்ந்து தடுத்தார். நான் என் கல்லூரியை மறந்து கை தட்டினேன். செந்தில் முறைத்தான். பிறகு எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ... ஒன்று, இரண்டு, கடைசி நிமிஷத்தில் மூன்று! மூன்றுக்கு இரண்டு. ஜெயித்துவிட்டோம்.

ஜெரால்டிடம் போய் என்ன சொல்வது என்று தயங்கி நின்றேன். அவரே வந்து கை கொடுத்தார்.

"தோத்தாச்சு சார். ஆனா ஆடித் தோத்தோம்லா... அது போதும்."

பின்னால் பிரிட்டோவை நான்கு பேர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தோற்ற அணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். செந்திலும் ஓடிப்போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

அரையிறுதியில் எங்களுக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அதனால் என்ன? அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த வருஷத்துக்கும் நீங்கதான் ரேங்க் போடணும் என்று பஷீர் பாய் இப்போதே சொல்லிவிட்டார். தாராளமாகப் போடுகிறேன் பாய்... ஃபைனல் முடிந்த மறுநாள்!