கபேட்டீரியாவில் முதல் தட்டு

அலுமினியத் தட்டுகள் உரசிக்கொள்ளும் ஓசை எங்கே கேட்டாலும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். யுத்த காலத்தில், சேலத்து நூற்பாலை ஒன்றில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை செய்தேனே, அந்த நாட்களின் ஓசை அது.

ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் அதுவரை பந்திதான். முதல் பந்தி ஆண்களுக்கு. அவர்கள் எழுந்து வெற்றிலை போட்ட பிறகே பெண்களான எங்களுக்கு இலை விழும். சோறு ஆறியிருக்கும். பாதி உண்பதற்குள் சங்கு ஊதிவிடும்.

ஒருநாள் வாசலில் புதுப் பலகை: 'கபேட்டீரியா'. எழுத்துக் கூட்டி வாசித்தோமே தவிர, என்னவென்று விளங்கவில்லை. மேனேஜர் வந்து விளக்கினார். இனிப் பரிமாற ஆள் கிடையாது. யார் முதலில் வந்தாலும் தட்டை எடுத்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு, பிடித்த இடத்தில் உட்காரலாம். இன்று யாரும் எடுக்காவிட்டால் நாளை பழையபடி பந்திதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்கள் வழக்கம்போல் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தட்டேந்தி நிற்பதாவது! சாம்பார் கொதித்தது, பெருங்காய மணம் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவரும் அசையவில்லை. சுவரோரம் நின்ற நாங்களோ தட்டு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். முந்திப் போனால் ஊர் பேசும். போகாவிட்டால் நாளையும் ஆறின சோறு.

எப்படிப் போனேனோ, ஒரு தட்டு என் கையில் இருந்தது. பின்னாலேயே இன்னொரு தட்டுச் சத்தம். ராசிபுரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த என் சிநேகிதி.

முன்வரிசை மேஸ்திரி சிரித்தபடி, அப்படியே தமக்கும் கொஞ்சம் கொண்டுவந்து போடச் சொன்னார். சிநேகிதி திரும்பினாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இது கபேட்டீரியாங்க. எந்திரிச்சு வந்தாத்தான் சோறு."

கூடமே சிரித்தது. மேஸ்திரியும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். எங்களுக்குப் பின்னால் வாசல்வரை நீண்டது வரிசை. சுடுசோறு நாக்கைச் சுட்டது, சுடச்சுட விழுங்கினேன். மறுநாள் பந்தி இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

எத்தனையோ விருந்து உண்டுவிட்டேன். நானே எழுந்து போய் வாங்கிய அந்த ஒரு தட்டுச் சோற்றின் சூடு இன்னும் ஆறவில்லை.

அன்று மாலை ஆலை வாசலில் பிரியும்போது சிநேகிதி, புருஷனும் மாமனாரும் உண்டு எழுந்த பிறகே தட்டெடுத்துப் பழகியவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"இன்னைக்கு எங்க ஊட்லயும் கபேட்டீரியாதான் புள்ள. வாரேன்."