சுண்டுவிரல் நகம்

வலது கட்டைவிரல் நகத்தின்மேல் ஒற்றைப் பட்டிழையை வைத்து மெதுவாக இழுக்கிறார் வீரபாகு. இழை சிக்கினால் நகத்தை உப்புத்தாளில் தேய்க்கிறார், மறுபடி இழுக்கிறார். வழுக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த விரல். அதுவரை காப்பி ஆறட்டும்.

ஆரணியில் தறிக்குத் தறி போய், பாவு என்கிற நெடுக்கு இழைகளைப் பிணைப்பது அவர் தொழில். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். பட்டுக்கு நகம் ஆகாது. அந்தத் தொழிலில் இருந்துகொண்டு நகம் வளர்ப்பவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதுவும் வலக்கையில் மட்டும். ஆகவே இடக்கையால் முறுக்கப் பழகிக்கொண்டார்.

நகம் கிட்டாருக்கு. எழுபத்து நாலில் வேலூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. கூடவே ஒரு கட்டு இசைத்தாள். எல்லாம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் வயலினுக்கென்று எழுதியவை. புடவை டிசைன் தாளில் கட்டம் படித்துப் பழகிய கண். கோடும் புள்ளியும் ஒருவாறு பிடிபட்டன.

"வயலினுக்கு எழுதனத வயலின்லயே வாசிக்கலாமேபா" என்று கேட்காதவர் இல்லை.

"கடைல கிட்டாருதாங்க இருந்திச்சி" என்பார்.

வயலினில் வில் ஓடும்வரை சுரம் நிற்கும். கிட்டாரில் மீட்டியதுமே தேயத் தொடங்கிவிடும். மேல் சுரம் அடங்குமுன் தடித்த கம்பியில் கீழ்ச் சுரம் ஒன்றைத் தட்டிச் சேர்ப்பது அவர் கண்டுபிடித்த வழி. "கீழ ஒன்னு ஓடிகினு இருந்தா, மேல அறுந்தது காதுக்குத் தெரியாதுங்க."

மீட்டுவதற்குக் கட்டைவிரலும் அடுத்த மூன்றும் போதும். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. பிறகு அதில் ஏன் நகம் என்று மனைவி பொன்னியம்மாள் கேட்டதற்கு, "கெடக்கட்டும்டி, எதுக்குனா ஒதவும்" என்றார்.

போன தை மாதம் வேலூர் சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் வாசிப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தனக்கோடி முதலாளி வீட்டில் பாவு. முகூர்த்த மாதம், வேறு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி கத்தரியும் கையுமாகப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாண ஆர்டருபா. ஒரு எழ அறுந்திச்சின்னா, அறுத்த நகத்த நானே வெட்டிடுவேன். இன்னா சொல்ற?"

"சரிங்க மொதலாளி."

"அப்பால பேஜார் பண்ணக் கூடாது."

"இல்லீங்க."

பாவு முடிகிற தறுவாயில் வலக்கை உரசி ஓர் இழை அறுந்தது. உரசியது ஆள்காட்டி விரல் நகம். வீரபாகுவுக்கு அது தெரியும். கையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு, அறுந்தது மட்டும் தெரிந்தது.

"எந்த நகம்பா? நீட்டு."

வீரபாகு முதலில் அறுந்த இழையை முறுக்கி ஒட்டினார். பிறகு வலக்கையைத் தூக்கி, மற்ற நாலு விரல்களையும் உள்ளங்கைக்குள் இறுக மடக்கிக்கொண்டு, கத்தரிக்கு நேரே சுண்டுவிரலை நீட்டினார்.