நான்காம் கணினியில் ஆர்சேசியோ மேனா

மக்தலேனா ஆற்றங்கரையில், புவெர்த்தோ ரெமான்சோ ஊரின் சமுதாய இணைய மையத்தை ஒன்பது வருடமாக நடத்திவருபவள் யோலிமா. பத்துக் கணினிகளில் ஆறுக்குத்தான் உயிர் இருந்தது. மாதம் முந்நூறு பேராவது வரவேண்டும், இல்லையென்றால் பூட்டு என்றது தலைநகரத்து அலுவலகம். ஆனால் எல்லார் கையிலும் கைபேசி வந்தாயிற்று. இணையம் அறியாத ஊருக்காகத் திறந்த மையம், ஊர் இணையம் அறிந்துவிட்ட குற்றத்துக்காக மூடப்படவிருந்தது.

ஆறு கொண்டுவந்து ஒதுக்கும் பெயரற்ற பிணங்களை ஆளுக்கொன்றாகத் தத்தெடுப்பது அங்கே வழக்கம். கல்லறைச் சுவரில் பிணத்தை வைத்து மூட ஒரு மாடம், அதற்கு வர்ணம், ஒரு பெயர், திங்கட்கிழமைதோறும் மெழுகுவர்த்தி. பதிலுக்குப் பிணம் லாட்டரியோ மாப்பிள்ளையோ பார்த்துத் தரவேண்டும். யோலிமா தன்னுடையவனுக்கு ஆர்சேசியோ மேனா என்று பெயர் எழுதி, மையத்துக்கு ஆள் அனுப்பு என்று கேட்டாள். ஆள் வரவில்லை. சரி, நீயே வா என்று அவனைப் பதிவேட்டில் ஏற்றினாள்: மார்ச் பதினான்கு, காலை பத்து மணி, நான்காம் கணினி. பின்னாலேயே சுவரிலிருந்த மற்றவர்களும் பதிவேட்டுக்கு வந்தார்கள். செத்தவர்கள் ஓட்டுப் போட்டுப் பழகிய ஊரில் இது பெரிய அதிசயமில்லை. இவர்கள் வந்தால் விசைப்பலகையில் எம்பனாடாப் பலகாரத்தின் எண்ணெயும் படாது.

வந்தவர்களின் பெயர்களை அலுவலகம் இணையத்தில் வெளியிடும் என்பதைத்தான் மறந்துவிட்டாள்.

மே மாதம் ஒரு முற்பகலில் தோன்யா எதெல்வினா என்ற கிழவி வந்து சேர்ந்தாள். ஆற்றின் மேல்பக்கத்து ஊர். இரண்டு பேருந்து, ஒரு படகு. மகன் காணாமல்போய்ப் பதினொரு வருடம். வாராவாரம் தன் ஊர் மையத்துக்குப் போய் அவன் பெயரைத் தேடச் சொல்வாளாம். இந்த முறை இந்த மையத்துப் பட்டியலில் அகப்பட்டதாம்.

"எம்மவன் ஆர்சேசியோ எந்த மெஷின்ல உக்காந்தான் மகளே?"

யோலிமாவின் வாய் திறக்குமுன் கை நான்கைக் காட்டிவிட்டது.

"அடையாள அட்டை நம்பரத் தப்பா போட்டிருக்கீங்க. போகுது, கவர்மெண்ட்ல எது சரியா இருக்கு? ஆளு எளச்சிட்டானா?"

"சரியா... கவனிக்கலம்மா."

மூன்று நாள் கதவு திறந்ததும் வந்து, கையெழுத்துப் போட்டு, அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யோலிமாவே அதன் அருகே குரலைத் தாழ்த்தினாள். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான்காம் நாள் யோலிமாவுக்குத் தாங்கவில்லை. "அவர் வரலம்மா. நானா எழுதினது." கல்லறைக்குக் கூட்டிப்போய் மாடத்தைக் காட்டினாள்.

கிழவி விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினாள். காது வைத்துக் கேட்டாள். "பேரு யாரு வச்சது?"

"நான்தான்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

யோலிமாவுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. அன்று தூரிகையைத் தொடும்போதே பெயர் வாயில் இருந்தது, அவ்வளவுதான் நினைவு.

"தெறந்து பாக்கச் சொல்லு."

"மாட்டாங்கம்மா. காயிதத்துல அவர் மார்ச் மாசம் இண்டர்நெட் பாத்திருக்கார். உயிரோட இருக்கறவருக்காக எவன் கல்லறையத் தெறப்பான்? பட்டியல் பொய்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் உண்டு."

"குடுத்தா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள மையம் இருக்காது. நானும்தான்."

வேண்டாம் என்று கிழவி சொல்வாள் என யோலிமா கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவள் சொல்லவில்லை.

மையத்துக்குத் திரும்பி வந்தார்கள். யோலிமா தட்டச்சு செய்தாள்: பதிவேட்டில் பொய்ப் பெயர்கள் எழுதியது நான். மாடத்தைத் திறந்து பார்க்கவும்.

"மேல் வரிசை, எடது பக்கம், தங்கப்பல்லு. போட்டியா?"

"போட்டேன்மா."

"வலது கால்ல ரெண்டு வெரல் ஒட்டிப் பொறந்தது. அதையும் போடு. ரெண்டு காப்பி எடு. ஒண்ண அவங்க தொலைச்சிருவாங்க."

"மூணா எடுக்கறேன்மா," என்றாள் யோலிமா.