கேட் பெட்டிக்குள் எறும்புகள்

ஆயர் குரோவில் இருக்கும் என் வீட்டு ஆட்டோகேட் திறக்கவில்லை. வயர்மேன் தம்பி கேட் மோட்டார் பெட்டியைக் கழற்றியதும் கருகிய நாற்றம் அடித்தது. உள்ளே ஒரு கைப்பிடி செத்த எறும்புகள்.

“ரெண்டு கம்பியயும் சேத்துத் தொட்டா ஷாக் அடிச்சிரும்கா. ஒண்ணு செத்தா அந்த வாசத்துக்கே மத்ததும் ஓடி வரும் லா.”

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது. ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டுப் பின்புறம், மழை விட்ட மத்தியானம், காற்றெல்லாம் ஒட்டுப்பால் வாடை. கரண்ட் வயர் தேய்ந்து துணிக்கம்பியில் உரசிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. சட்டையை மூன்று முறை உதறித்தான் அப்பா காயப்போடுவார். அன்றும் உதறினார். கம்பியைத் தொட்டவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். சத்தமே வரவில்லை.

நான் ஓடினேன். அம்மா என்னைப் பின்னால் தள்ளினாள்.

“வராத பாப்பா, கரண்டு!”

கத்திவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள்.

பக்கத்து வீட்டு மாமா மெயின் சுவிட்சை அணைத்தபோது இரண்டு பேருமே போய்விட்டிருந்தார்கள்.

பாவம், தெரியாமல் பிடித்துவிட்டாள் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவள் கத்தியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வயர்மேன் தம்பி பெட்டியைத் துடைத்தான். உயிரோடு ஓர் எறும்பு சுவரில் அதை நோக்கி ஏறியது. ஊதித் தள்ளினேன். விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கியது.