கவுன்சிலர் மிஸ் வாயைத் திறந்தபோது

பள்ளிக்கூடத்து ஆலோசகர் வேலையில் பாதி, பிள்ளைகள் பேசும்வரை காத்திருப்பது. மீதிப் பாதி, நாம் அவசரப்பட்டுப் பேசியதைச் சரிசெய்வது.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளை ஒட்டிய ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருடமாக இந்த உத்தியோகம். தமிழும் தெலுங்கும் தெரியும் என்பதால் என்னை எடுத்தார்கள். வாரம் ஒரு பீரியட் இந்த வட்டாரத்து மக்களின் வரலாறும் நடத்துகிறேன்: யார் எங்கிருந்து வந்தார்கள், கம்பெனி வருமுன் யார் நிலத்தில் யார் நாற்று நட்டார்கள் என்று. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

பந்து அறை

எனக்கு ஒதுக்கியது விளையாட்டுச் சாமான் அறை. கேரம் போர்டுக்கும் காற்றுப்போன வாலிபால்களுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி. முதல் வருடம் ஒரு பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே போனால் 'லூசு' என்று பட்டம் கட்டிவிடுவார்களாம்.

விடுவேனா? பந்து எடுத்துக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பந்துக்கு வந்தவர்களில் சிலர் பந்தை மறந்துவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பி.டி. மாஸ்டருக்குத்தான் வருத்தம்.

"உங்ககிட்ட பந்து வாங்க வர்ற பசங்கள்ல பாதி பேரு கிரவுண்டுக்கே வந்து சேர்றதில்ல மேடம்."

பெற்றோர் கூட்டம்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் சிரவந்தி என்று ஒரு பெண். அவள் அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரியாத தமிழுக்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி நிற்கும்போதே "ரண்டம்மா, கூர்ச்சோண்டி" என்று உட்காரவைத்துப் பத்து நிமிடம் தெலுங்கில் பேசினேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னை வேலைக்கே வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே வகுப்பில் அவளைக் 'கொல்டி' என்று, தெலுங்குக்காரர்களை மட்டம்தட்டும் வார்த்தையால், கேலி செய்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவளுடைய தோழி பிரின்ஸிதான் எனக்கு விளக்கினாள்.

"நாலு வருஷமா ஒண்ணா சாப்புடறோம், எனக்கே தெரியாது மிஸ். அவ யாருக்கும் சொல்லாம வச்சிக்கினு இருந்தா. நீங்க எல்லாருக்கும் சொல்லிட்டீங்க."

ஐந்தரை மணி வண்டி

எங்கள் பக்கம் பெற்றோரைப் பிடிக்க ஒரே இடம், கம்பெனி வண்டி வந்து நிற்கும் முனைதான். விடியற்காலை ஐந்தரைக்கு வண்டி. முதல் நாள் நான் போகுமுன் வண்டி போய்விட்டது. இரண்டாம் நாள் அந்த அம்மா, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவேனோ என்று, என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். மூன்றாம் நாள் நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் தெலுங்கில் எல்லாவற்றையும் கொட்டினார். ஆந்திர எல்லை தாண்டித் தடாவில் இருக்கும் அவர் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சிரவந்தியே சொல்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அனுப்பப்போகிறாராம். குழந்தை பார்க்கப்போன பெண் திரும்பப் புத்தகத்தைத் தொட்டதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. கம்பெனி கேட்டில் இறங்கினேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேடம், ஸ்கூலு வேல பேஜாராயிடுச்சா? நீங்களும் பேக்கிங்ல சேந்துக்கினீங்களா?"

முதல் மன்னிப்பு

அன்று சாயங்காலம் வீட்டுக்கே போனேன். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சாக்குப்போக்கு சொல்லாமல், "என் தப்புதான், மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஊட்டுக்கு வந்து ஸாரி சொல்றீங்க. வாய விட்டது ஸ்கூல்லதான மிஸ்?"

இரண்டாவது மன்னிப்பு

வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றதற்குத் தலைமையாசிரியை சம்மதிக்கவில்லை. டீச்சர் தலைகுனிந்தால் பிள்ளைகள் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்றார். ஏறட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை என் பீரியட். வந்து கேட்டுவிட்டுப் போகச்சொல்லி பிரின்ஸி மூலம் தகவல் அனுப்பினேன்.

சிரவந்தி வந்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். "சிரவந்தி வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பது அவள் சொல்ல வேண்டிய விஷயம். அவளைக் கேட்காமல் நான் சொன்னேன். தப்பு என்னுடையது" என்றேன். ஊர் மக்கள் வரலாற்றையெல்லாம் மூச்சுவிடாமல் நடத்துகிறவள், இந்த மூன்று வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிவைத்துத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. 'கொல்டி' என்று ஆரம்பித்துவைத்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, சிரவந்தி பையைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வைத்தாள்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம நான் தடாவுக்குப் போகல மிஸ். ஆனா அடுத்த மீட்டிங்ல எங்கம்மாகிட்ட நீங்க இன்னா பேசறதா இருந்தாலும் மொதல்ல என்னைக் கேளுங்க."

இரண்டு மொழி பேசத் தெரியும் என்று எனக்கு வேலை கொடுத்தார்கள். இரண்டிலும் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.