கூட்டத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்

அந்த வறட்சியில், கடலோடு கலக்கும் வாவியின் உப்புத் தண்ணீர் ஊறி எங்கள் ஒழுங்கைக் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. புதிய குழாய்த் திட்டத்துக்கு அளவெடுக்க ஒருவர் வந்தார். மெலிந்தவர்; காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தார். ஒவ்வொரு கிணற்றிலும் கருவியால் உப்பை அளந்த பிறகும், ஒரு வாய் குடித்துப் பார்த்தே கொப்பியில் எழுதினார்.

“மெசின் இருக்கே சேர், ஏன் குடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“மெசின் நம்பரத்தான் காட்டும் தங்கச்சி. பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமா எண்டு அது சொல்லாது.”

குழாய் பெரிய வீதியோடு நின்றுவிடும், எங்கள் ஒழுங்கைக்கு வராது என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். போகும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கலன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் நகரத்தில் நடந்த திட்டக் கூட்டத்துக்கு ஊர் சார்பில் நானும் போயிருந்தேன். தேத்தண்ணி வந்தது. பெரிய அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

“இதென்ன தேத்தண்ணி?”

“அந்த ஒழுங்கைத் தண்ணி சேர். அவங்க ஒவ்வொரு நாளும் குடிக்கிறது,” என்றார் அளவெடுத்தவர். பிறகு தன் கோப்பையை நிதானமாகக் குடித்து முடித்தார்.

மறு வருடம் குழாய் எங்கள் வாசல்வரை வந்தது. அவர் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டாராம். விரும்பிப் போனாரா, அந்தத் தேத்தண்ணிக்காக அனுப்பிவிட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.