கன்னியம்மாவின் மாமரத்துக்கு நான் போட்ட ரிங்

என் உத்தியோக காலத்தில் நான் கொன்றது ஒரே ஒரு மரம். விவசாய இலாகாவில் டிமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவனுக்கு இது குறைந்த கணக்குத்தான் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வதுண்டு.

பூந்தமல்லியில் ஜாகை. அங்கிருந்து அம்பத்தூர் வரை, சைக்கிள் பஞ்சர் ஆகாத நாட்களில், என் ராஜ்யம். கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்துவிட்டு, வரப்பில் விழாமல் நடக்கத் தெரியாமல் வந்து சேர்ந்த புதுசு.

அம்பத்தூரில் கன்னியம்மா என்ற விதவைக்கு ஒரு மாமரம் இருந்தது. சீசனில் காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ரயில்வே ஸ்டேஷனில் விற்பாள். மீதியை உப்பில் ஊறப்போட்டு மற்ற மாதங்களை ஓட்டுவாள். வேறு பிழைப்பு கிடையாது. அந்த மரம் இரண்டு வருஷமாகப் பூக்காததால் கடனில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எலையா வுட்டுகினு கீது நைனா. பூவத்தான் காணோம்."

நான் விளக்கினேன். வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டையை வளையமாக உரித்துவிட்டால் சர்க்கரை மேலேயே தங்கிவிடும். மரம் பூத்துத் தள்ளும். எங்கள் இலாகாவில் இதற்கு 'ரிங் போடுவது' என்று பெயர்.

"அப்போ வேரு இன்னாத்த துன்னும்?"

"அது பாத்துக்கும்மா" என்றேன். இதே கேள்விக்குப் பரீட்சையில் 'வேர் பட்டினி கிடந்து, செடி இறக்கும்' என்று எழுதி முதல் மார்க் வாங்கியவன் நான்.

கிளைக்குத்தான் ரிங் போட வேண்டும் என்பது விதி. ஆனால் எனக்கு மரம் ஏறத் தெரியாது. அடிமரம் இடுப்பு உயரத்தில் சௌகரியமாக இருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டை தெரியச் சுரண்டிக்கொண்டே சுற்றி வந்தேன். வட்டம் முடியக் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது, கன்னியம்மா அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இத்த மட்டும் வுட்று நைனா. இம்மாந்துண்டு இருந்துட்டுப் போவட்டும்."

"முழு வட்டமா இருந்தாத்தாம்மா ரிங். கைய எடு."

எடுத்தாள். அந்தத் துண்டை விட்டிருந்தால் மரம் பிழைத்திருக்கும்.

தை மாதம் இலை தெரியாமல் பூ. சித்திரையில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அவள் ஓரகத்தி முனியம்மா அண்ணாந்து பார்த்து, "யம்மாடி, எம்மாங் காயி!" என்று வாயைப் பிளந்தாள். என் சூப்பர்வைசர், "பலே ஓய்! மேலே ரிப்போர்ட் அனுப்பறேன்" என்றார். பாராட்டுக் கடிதமும் வந்தது.

ஆனியில் போய்ப் பார்த்தேன். வெட்டு மூடவில்லை. மேல் விளிம்பு உதடு மாதிரி வீங்கியிருந்தது. கீழே வறண்டு கிடந்தது. வேர் பட்டினி கிடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரர் ஒருவர் எங்கள் ஆபீசிலேயே இருந்தார். மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் சேர்த்து நாலு மாங்குச்சியைப் பாலமாகச் செருகி, சர்க்கரை இறங்க வழி செய்திருப்பார். நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாராட்டுக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. இலை பச்சையாகத்தானே இருக்கிறது, அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த மாதிரி நிறைய வாரங்கள் போயின.

மறு மாசியில் இலை சுருண்டது. பங்குனியில் மரம் விறகு.

"அவ கண்ணுதான் நைனா!" என்று கன்னியம்மா வேலியைக் காட்டிக் கத்தினாள். "அன்னிக்கி வாயத் தொறந்தா பாரு, அத்தோட போச்சு. இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் முனியம்மா அழுதுகொண்டிருந்தாள். "காய் நெறய கீதுன்னுதானே சொன்னேங்க்கா..."

"நீ படிச்சவன், நீயே சொல்லு நைனா. கண்ணுதானே?"

"இருக்கலாம்மா" என்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பட்டையை உரித்த பிறகும் மரம் ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் தருகிறது. அதற்குள் வாயைத் திறந்துவிடுங்கள்.

மரம் பட்டுச் சில மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். கன்னியம்மாவின் குடிசை பூட்டிக் கிடந்தது. ஆவடிப் பக்கம் செங்கல் சூளையில் மண் சுமக்கப் போய்விட்டாளாம்.

"போவும்போதுகூட எங்கிட்ட ஒரு வார்த்த பேசல சாமி" என்றாள் முனியம்மா. "நெஜமாவே என் கண்ணுதானா?"

பதில் என் வாய்வரை வந்தது. நான் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.